ஏரிக்கரை அகழ்வைப்பகமும் எழுதப்படாத நம் வரலாறும்

ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்து வாழ்வதற்குக் கல்வியும் நிலமும் ஒற்றுமையும் இன்றியமையாதன என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். இம்மூன்றோடு நான்காவதாக எண்ணத்தக்கது வரலாற்றறிவாகும். தன் பாட்டன் யார், அவன் எந்நிலத்தை உழுதான், எந்நீரைக் காத்தான், எவ்வுரிமைக்காகப் போராடினான் என்பதை அறியாத இளைஞன், பிறர் தன்னைப் பற்றிச் சொல்லும் இழிமொழிகளையே தன் வரலாறு என எண்ணி மயங்குவான். அம்மயக்கத்தைப் போக்குவது பள்ளிக்கூடத்தின் கடமை மட்டுமன்று. நம்முடைய கல்விக் கழகம் போன்ற அமைப்புகளின் கடமையும் ஆகும். வெள்ளி விழாக் காணும் இந்நேரத்தில், திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த நம் கே.ஜி.கண்டிகைப் பகுதி இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் சென்று காணவேண்டிய ஓர் இடத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமெனக் கருதுகிறேன். அவ்விடம், பூண்டி ஏரிக்கரையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985ஆம் ஆண்டில் அமைத்த அகழ்வைப்பகமாகும்.

கண்டிகையிலிருந்து பூண்டி வரை

'கண்டிகை' என்னும் ஈற்றுப் பெயர் திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் மிகுதியாக வழங்குவது. தெலுங்கில் அதனைக் 'கண்டிரிகை' என்பர். தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் எல்லைப்புறம் நம்முடையது என்பதற்கு ஊர்ப் பெயரே சான்று. திருத்தணி முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்திலும், 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபின் அதனிலும் அடங்கியிருந்தது. மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, பின்னர்ப் புதிதாகப் பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று.

கண்டிகையிலிருந்து திருத்தணிக்கு வந்து, அங்கிருந்து கனகம்மாசத்திரம் வழியாகச் செல்லும் பேருந்தில் திருவள்ளூரை அடையலாம். அரக்கோணம் வழியாக மின்தொடர் வண்டியிலும் செல்லலாம். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைச் சாலையில் சென்றால் பூண்டி வந்துவிடும். ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இப்பயணத்தின் வழியெங்கும் வரலாறு சிதறிக் கிடக்கின்றது. திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977ஆம் ஆண்டு செப்பேடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு தொகுதி அபராசித பல்லவனுடையது. மற்றொன்று முதற் பராந்தக சோழனுடையது. சற்று விலகிச் சென்றால் திருவாலங்காடு. அவ்வூர்ப் பெயரால் வழங்கும் செப்பேடுகள் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தன. 31 ஏடுகள் கொண்டவை. பழையனூர் என்னும் ஊர் கோயிலுக்கு அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுபவை. நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பட்டரைப்பெரும்புதூரில் தொல்லியல் துறை 2015-16ஆம் ஆண்டில் நடத்திய அகழாய்வில், கற்காலக் கருவிகள் முதல் உறைகிணறு வரை வெவ்வேறு காலச் சின்னங்கள் வெளிப்பட்டன. வரலாற்றுக்கு மதுரைக்கும் தஞ்சைக்கும்தான் செல்லவேண்டும் என்பது தவறான எண்ணம் என்பதை இவ்வழிப் பயணமே நமக்கு உணர்த்திவிடும்.

ஏரி பிறந்த கதை

பூண்டியில் நாம் முதலில் காண்பது பரந்து விரிந்த நீர்ப்பரப்பு. கொற்றலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இந்நீர்த்தேக்கம், சென்னை மாநகரின் குடிநீர்த் தேவைக்காக எழுந்தது. மாநகர மேயராக விளங்கி இத்திட்டத்திற்கு உழைத்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் இது 'சத்தியமூர்த்தி சாகர்' என வழங்குகின்றது. 1996ஆம் ஆண்டு முதல் ஆந்திர மாநிலத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கிருட்டிணா ஆற்று நீரும் கால்வாய் வழியாக இங்கு வந்து சேர்கின்றது. இன்று இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடியாகும்.

இந்த நீருக்கடியில் பழைய ஊர் நிலம் இருக்கின்றது. சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் என்னும் தலம் நீர்த்தேக்கப் பகுதியில் இருந்தது. அணை எழுந்தபோது அக்கோயில் வேறிடத்திற்கு மாற்றிக் கட்டப்பட்டது. பாடல் பெற்ற தலம் ஆதலின், அதன் இடப்பெயர்ச்சி தலவரலாறுகளில் பதிவாயிற்று. இன்றும் அடியார்கள் அதனைச் சொல்லக் கேட்கலாம். ஆனால், அதே மண்ணில் நாற்று நட்டவர்களையும், களை பறித்தவர்களையும், ஏர் பிடித்தவர்களையும் எந்தத் தலவரலாறு குறிக்கின்றது? கோயிலுக்கு ஒரு வரலாறும் கூலிக்கு ஒரு மறதியும் என்பது இந்நாட்டின் நெடுநாள் வழக்கம். இக்கேள்வியை நெஞ்சில் தாங்கியே நாம் அகழ்வைப்பகத்தின் உள்ளே செல்லவேண்டும்.

கற்களின் கூடம்

அகழ்வைப்பகம் பெரிய மாளிகையன்று. பொன்னும் மணியும் முடியும் வாளும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். இங்குச் சிறப்பிடம் பெறுவன இவ்வட்டாரத்து ஊர்களில் கிடைத்த கற்கருவிகளே. பார்வைக்கு ஆற்றங்கரைக் கல்லைப் போலத் தோன்றும் அவற்றை விரைந்து கடந்து செல்வோர் பலர். இளைஞர்கள் அவ்வாறு செய்தலாகாது. ஒரு கைக்கோடரியின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரு பக்கமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருக்கும். விளிம்பு கூர்மையாகவும், அடிப்பகுதி உள்ளங்கைக்கு அடங்குமாறும், நுனி குறுகியும் இருக்கும். ஓரிடத்தில் தட்டினால் மறுபக்கத்தில் எப்படிச் சில்லு தெறிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவரின் கைவேலை அது. செய்யப் போகும் பொருளின் உருவம் கல்லைத் தொடுமுன்பே அவர் உள்ளத்தில் இருந்தது என்பதே இதன் பொருள். விலங்கின் தோலை உரிக்கவும், இறைச்சியை அறுக்கவும், கிழங்கைத் தோண்டவும், மரத்தைச் செதுக்கவும் இக்கருவிகள் பயன்பட்டன. இவற்றுக்கான மூலப்பொருள், குவார்ட்சைட் எனப்படும் கடினமான பாறை. அருகிலுள்ள அல்லிக்குழி மலைப்பகுதியிலும் ஆற்றுப்படுகையிலும் அது கூழாங்கற்களாகவும் பாறைத் துண்டுகளாகவும் மிகுதியாகக் கிடைக்கின்றது.

இக்கருவிகள் உலகிற்குத் தெரியவந்த வரலாறும் சுவையானது. இந்திய நில அளாய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூசு பூட் என்பார், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு இனங்காணப்பட்ட முதற்சான்று அதுவே. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அவரும் வில்லியம் கிங் என்பாரும் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டனர். பிரான்சு நாட்டில் சொம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகத் தொன்மையானவை என்பதை ஐரோப்பிய அறிஞர் ஏற்றுக்கொண்டது 1859இல்தான். அதற்கு நான்கே ஆண்டுகளில் நம் கொற்றலை ஆற்றுப் படுகை உலக வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. இவ்வகைக் கருவிகளைக் கொண்ட பண்பாட்டை அறிஞர் 'சென்னைக் கற்கருவிப் பண்பாடு' எனப் பெயரிட்டழைத்தனர்.

1960களின் முற்பகுதியில் இந்தியத் தொல்லியல் துறையினர் அத்திரம்பாக்கத்திலும் குடியம் குகைப்பகுதியிலும் அகழாய்வு செய்தனர். பின்னர், 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகிய அறிஞர்கள் அத்திரம்பாக்கத்தில் முறையாக அகழ்ந்தனர். அங்குக் கருவிகளேயன்றி விலங்குகளின் பற்களும் குளம்புச் சுவடுகளும்கூடக் கிடைத்தன. 2011ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களின் முடிவின்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சராசரியாக 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையுடையவை. 2018ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பெரிய கைக்கோடரிகளை விடுத்துச் சிறிய சில்லுக் கருவிகளைச் செய்யும் இடைப்பழங்கற்கால நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்குத் தோன்றிவிட்டது எனக் காட்டிற்று. அந்நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்தேறிய மனிதரால் கொண்டுவரப்பட்டது என்ற கருத்தை இம்முடிவு மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

கல்லின் காலத்தை எவ்வாறு கணிக்கின்றனர் என இளைஞர் வினவலாம். நிலத்தின்மேல் கிடக்கும் கல்லின்மீது விண்வெளிக் கதிர்கள் படும்போது, அதனுள் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் சில கதிரியக்க வகைகள் சிறிதளவு உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்தபின் அவை புதிதாக உண்டாவதில்லை. இருப்பவையும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து குறைகின்றன. எஞ்சியுள்ள அளவுகளை ஒப்பிட்டால், கல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்பது புலப்படும். மண்ணில் பதிந்துள்ள பழைய காந்தத் திசையையும் இதனோடு ஒப்பிட்டு உறுதி செய்கின்றனர். அறிவியலும் கணிதமும் படிக்கும் நம் மாணவர்கள், அப்பாடங்கள் வரலாற்றுக்கும் பயன்படுவதை இங்குக் கண்டுணரலாம்.

கற்கள் சொல்லும் நீதி

இக்கருவிகளைச் செய்தவர் எவருடைய நேரடி முன்னோர் என்று இன்று யாரும் உரிமை கொண்டாட இயலாது. 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் இன்றைய மனித இனத்திற்கும் முற்பட்டவர். ஆயினும் ஓர் உண்மையை அக்கற்கள் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றன. மனிதக் கை இவ்வட்டாரத்தில் உழைக்கத் தொடங்கி இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு நெடிய காலத்தில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் பிரிவு எங்கும் காணப்படவில்லை. அந்த அடுக்கில் தீண்டத்தக்க கருவி, தீண்டத்தகாத கருவி என இரண்டு இல்லை. சாதி என்பது உலகம் தோன்றிய நாள்தொட்டு உள்ளது என்று கூறுவோர்க்குக் கற்கூடமே விடையாகும். இலட்சக்கணக்கான ஆண்டுகளோடு ஒப்பிட, அது நேற்று வந்த வழக்கம். இடையில் வந்த ஒன்று இடையிலேயே ஒழியவும் கூடும்.

அது வந்த சுவட்டைக் கல்வெட்டுகளில் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர் நத்தம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆக, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியிருப்புகள் பிரிந்து கிடந்தன என்பது எழுத்து வடிவிலேயே தெரிகின்றது. உத்திரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊராட்சித் தேர்தலைப் பற்றி விரிவாகக் கூறுகின்றன. ஏரியைக் காக்க 'ஏரி வாரியம்' இருந்ததையும் அவற்றால் அறிகிறோம். அதனைக் குடியாட்சியின் முன்மாதிரி என அறிஞர் போற்றுவர். ஆனால், வாரியத்தில் இடம்பெறக் கால்வேலி இறைநிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டுகள் கூறுகின்றன. ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவர்க்கு அவ்வாரியத்தில் இடமில்லை. போற்றுவதையும் போற்றுவோம், விடுபட்டதையும் கேட்போம். அதுவே நேர்மையான வரலாறாகும்.

நீரைக் காத்தவரும் நீர் மறுக்கப்பட்டவரும்

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இந்நிலத்தில், மழைநீரைத் தேக்கி வைத்தே வேளாண்மை நடந்தது. மகேந்திர பல்லவன் பெயரால் அமைந்த மகேந்திரவாடி ஏரி நமக்கு அண்மையில் உள்ளது. அரசன் பெயர் ஏரிக்கு நின்றது. ஆனால், நூற்றாண்டுக் கணக்கில் அவ்வேரிகளை உயிரோடு வைத்திருந்தவர் யார்?

செங்கற்பட்டு, வட ஆர்க்காடு வட்டார ஊர்களில் 'நீர்க்கட்டி' என்னும் ஊர்ப் பணியாளர் இருந்தார். பெரும்பாலும் அவர் சேரியைச் சேர்ந்தவரே. மதகை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது, கடைமடைக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்பன அவர் பொறுப்பு. பெருமழை இரவில் கரையின்மீது நடந்து, அரிப்புக் கண்ட இடத்தை அடைத்து, உடைப்பு நேராமல் காப்பதும் அவர் பணியே. கரை உடைந்தால் முதலில் அடித்துச் செல்லப்படக்கூடியது பள்ளத்தில் இருந்த அவருடைய குடிசையாகவே இருக்கும். ஊரின் ஒவ்வொரு வயலின் மேடும் பள்ளமும் அவருக்கு மனப்பாடம். பொறியியல் கல்லூரியின் வாயிலை அறியாத நீரியல் அறிஞர் அவர். அறுவடைக் காலத்தில் களத்தில் அளக்கப்பட்ட நெல்லே அவருக்கு ஊதியம். பங்கீட்டில் அவர் ஒருசார்பாக நடப்பதில்லை என்னும் நம்பிக்கை ஊருக்கு இருந்தது. தனக்கென நிலமில்லாதவர் ஆதலின் அவர் நடுநிலை தவறமாட்டார் என்று அதற்குக் காரணமும் கூறினர். எவ்வளவு கொடிய நியாயம் இது! நிலம் மறுக்கப்பட்டதே அவருடைய தகுதியாயிற்று. அவர் திறந்த நீர் ஊர் முழுதும் பாய்ந்தது; ஊர்ப் பொதுக் கிணற்றிலோ அவர் குடத்தை இறக்கக்கூடாது.

இக்கொடுமையை எதிர்த்த போராட்டமும் நம் வரலாறே. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என அறிவிக்கச் செய்தது. அவர் இம்மண்டலத்தைச் சேர்ந்தவர். செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். 1893ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி, இழிவாக வீசப்பட்ட சொல்லையே கொடியாக உயர்த்தியவர். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாராட்டிரத்தில் மகாத் என்னும் ஊரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் பருகினார். அதற்காக நடந்த வழக்கு பத்தாண்டுகள் நீண்டு, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி பெற்றது. 1938இல் எம்.சி.இராசாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், நீராடு துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டு, அவற்றில் சாதியால் தடை கூடாது என்கின்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நாட்டின் தலைமைச் சட்டத்தில் கிணறும் குளமும் இடம்பெறக் காரணம், அவற்றின் கரையில் நம்மவர் பட்ட பாடேயாகும். ஏரிக்கரையில் நிற்கும் இளைஞன் இதனை நினைத்தல் வேண்டும்.

அளக்கப்பட்டவரும் அளித்தவரும்

அருங்காட்சியகங்களுக்கும் நமக்கும் உள்ள பழைய உறவு இன்பமானதன்று. புரூசு பூட் சேர்த்த தொல்பொருள்கள் சென்று சேர்ந்த சென்னை அருங்காட்சியகத்தில், 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்சுடன். அவர் பல சாதியினரையும் பழங்குடியினரையும் நிறுத்தி, தலையின் அளவையும் மூக்கின் நீள அகலத்தையும் கருவிகளால் அளந்து குறித்துக்கொண்டார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில், நம் மக்களைப் பற்றிய செய்திகளும் அடங்கும். அவற்றுள் பயனுள்ள குறிப்புகள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நம் முன்னோர் அங்கு அளக்கப்பட்டனரே தவிர, கேட்கப்படவில்லை. அவர்களுடைய மூக்கின் அளவு ஏட்டில் ஏறியது. அவர்களுடைய எண்ணம் ஏறவில்லை.

இதற்கு நேர்மாறான செய்தியும் ஒன்றுண்டு. பண்டித அயோத்திதாசர் (1845-1914) தம் இதழில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பொறுப்பில் இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம் வீட்டில் காத்துவந்த திருக்குறள் முதலிய ஓலைச்சுவடிகளை எல்லிசு துரையிடம் சேர்ப்பித்தார் என்பதே அது. சமையற்கட்டில் பணியாற்றியவர் வீட்டுப் பெட்டியில் திருக்குறள் இருந்தது! எழுத்தறியாக் கூட்டம் என நம்மைப் பழித்தோர்க்கு இதைவிடச் சிறந்த விடை வேறு யாது? பேரன் எழுதி வைத்ததனால் அன்றோ பாட்டனின் செயல் இன்று நமக்குத் தெரிகின்றது? அயோத்திதாசர் 1907இல் இதழ் தொடங்கியிராவிடில், கந்தப்பன் என்னும் பெயரும் பல்லாயிரம் பெயர்களோடு மறைந்திருக்கும்.

கடலுக்கப்பால் ஒரு படிப்பினை

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 'ஆறாம் வட்டம்' என்னும் பகுதி இருந்தது. பல இனத்து உழைக்கும் மக்கள் கலந்து வாழ்ந்த இடம் அது. 1966ஆம் ஆண்டில் நிறவெறி அரசு அதனை வெள்ளையர் பகுதி என அறிவித்து, பின்னர் 60,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளியது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994ஆம் ஆண்டில், அம்மக்கள் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் தங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். அங்குப் பொன்னோ வைரமோ இல்லை. இடிபட்ட தெருக்களின் பெயர்ப் பலகைகள், குடும்ப நிழற்படங்கள், வீட்டுப் பொருள்கள் ஆகியன உள்ளன. தரையில் பழைய வட்டத்தின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டிருக்கின்றது. அங்கு வாழ்ந்தோர் தத்தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரை எழுதினர். இழந்த நிலத்தை மீட்கும் கோரிக்கைக்கும் அவ்வருங்காட்சியகம் துணை நின்றது. அரசு தரும் மாளிகைக்காகக் காத்திராமல், மக்களே தம் வரலாற்றைத் தொகுக்க முடியும் என்பதற்கு இது சிறந்த சான்று.

நாம் செய்யவேண்டுவன

பூண்டி அகழ்வைப்பகம் மண்ணுக்கடியில் கிடைத்தவற்றைக் காக்கின்றது. நம் தெருக்களில் வாழும் நினைவுகளைக் காப்பது நம் கடமை. நீர்க்கட்டியாகப் பணிபுரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு ஓர் அறிவுத்துறையே மறைகின்றது. ஆதலின், கீழ்வரும் பணிகளைக் கழகத்தின் இளைஞர் அணி மேற்கொள்ளுதல் நலம்.

முதலாவது, ஆவணங்களைத் தொகுத்தல். பழைய பட்டா, தீர்வை இரசீது, பள்ளிச் சான்று, மனுக்களின் படி, இராணுவப் பணிச் சான்று, சுடலை அல்லது பொதுவழி பற்றிய வழக்குத் தாள் ஆகிய எதனையும் குப்பையில் எறியலாகாது. 1960க்கு முற்பட்ட தாள் தெலுங்கில் இருப்பின், படிக்கத் தெரியவில்லை என்று ஒதுக்காமல் தெலுங்கறிந்தோரைக் கொண்டு பெயர்த்தெழுதுக. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பத்தாண்டுகள் வரை விற்கலாகாது, அதன்பின்னும் நம்மவரல்லாத பிறர்க்கு விற்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள். இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியாயினர். ஒரு பழுப்பேறிய தாள் ஒரு குடும்பத்தின் நிலமாக மாறக்கூடும் என்பதை மறவாதீர்.

இரண்டாவது, முதியோர் வாய்மொழியைப் பதிதல். ஏரி வேலை, பண்ணைக் கூலி, பஞ்சம், இரவுப் பள்ளி, முதன்முதலில் செருப்பணிந்து தெருவில் நடந்த நாள் ஆகியன பற்றிக் கேட்டு எழுதுக. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசியாக இருக்கின்றது. பாட்டிமாரைக் கேட்க மறவாதீர். நடவு வயலின் வரலாறு அவர்களிடமே உள்ளது. நம் பகுதியில் வாழும் இருளர் முதலிய பழங்குடியினரின் செய்திகளையும் உடன் சேர்த்தல் வேண்டும். அவர்கள் நம்மினும் மறக்கப்பட்டவர்கள்.

மூன்றாவது, ஊர்விட்டுப் போனவர்களைத் தேடுதல். வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் பெருந்தொகையாகக் கோலார் தங்க வயலுக்குச் சென்றனர். 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து நேட்டால் போய்ச் சேர்ந்த முதற் கப்பல் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி ஆகியன கப்பல் பதிவேடுகளில் எழுதப்பட்டுள்ளன. நம் ஊர்களின் பெயர்கள் கடல்கடந்த ஏடுகளில் உறங்குகின்றன. படித்த இளைஞர் அவற்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, பொருள்களைக் காத்தல். மதகு திறந்த கோல், மண்வெட்டி, பறை, அரிக்கேன் விளக்கு, இரவுப் பள்ளிக் கற்பலகை ஆகியவற்றைக் கழகக் கட்டடத்தின் ஓர் அலமாரியில் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிட்டு, யார் கொடுத்தது, யார் பயன்படுத்தியது, எந்த ஊர், எந்த ஆண்டு என ஒரு பதிவேட்டில் எழுதுக. குறிப்பில்லாத பொருள் வெறும் பழம்பொருள். குறிப்போடு கூடியதே வரலாறு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கற்கருவிகள் கிடைக்கும் இடங்களுக்குச் செல்லும்போது அவற்றைப் பொறுக்கி எடுத்து வருதல் தவறு. ஒரு கருவி எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதிலேயே அதன் பொருள் அடங்கியிருக்கின்றது. இடம் பெயர்ந்துவிட்டால் அது ஊமையாகிவிடும். கிணறு தோண்டும்போதோ உழும்போதோ செப்பேடு, சிலை, காசு, தாழி முதலியன கிடைத்தால் வட்டாட்சியருக்கு உடனே அறிவிக்கவேண்டும். மண்வெட்டி பிடிப்பவர் நம்மவர் ஆதலின், இந்நாட்டின் தொல்பொருளை முதலில் காணும் கண்களும் பெரும்பாலும் நம்முடையவையே. அக்கண்களுக்குப் பயிற்சி அளித்தல் கல்விக் கழகத்தின் வேலை.

கழகம் ஆண்டுதோறும் ஒருமுறை மாணவர்களைப் பூண்டிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்றும், திரும்பி வந்தபின் ஒவ்வொரு மாணவரும் தம் குடும்ப வரலாற்றை நான்கு பக்கம் எழுதி அளித்தல் வேண்டும் என்றும் இவ்விழாவை முன்னிட்டு முன்மொழிகிறேன். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அப்பக்கங்கள் பல தொகுதிகளாகும். கழகம் பொன்விழாக் காணும்போது, கண்டிகைச் சேரியின் வரலாற்றை எழுத முனைவோர்க்கு அவையே முதன்மைச் சான்றாக விளங்கும்.